குப்பை வண்டிக்காரி மகனுக்குக் காய்ச்சல்

திங்கட்கிழமை சாயங்காலம், முதல் தெருமுனையில் வண்டி நின்றதுமே யூலானுக்குப் புரிந்துவிட்டது. நாத்தனார் பாவ்சூ ஊர் முழுக்கச் சொல்லி முடித்துவிட்டாள்.

குப்பை வண்டி பாட்டோடு வந்தால் தோஃபென் ஊரில் ஒருத்தரும் வீட்டுக்குள் இருக்க மாட்டார்கள். மூட்டையைத் தூக்கிக்கொண்டு செருப்பு பாதி, கால் பாதியாக ஓடி வருவார்கள். வண்டியின் பின்படியில் நின்று அதை வாங்கிப் போடுகிற வேலை யூலானுடையது. மற்ற நாளில் மூட்டை மட்டும் வரும். அன்றைக்கு ஒவ்வொரு மூட்டையோடும் ஒரு யோசனை வந்தது.

"புள்ளைக்குக் காய்ச்சலாமே? தர்பூசணித் தோல் இருக்குல்ல, அந்த வெள்ளைப் பகுதிய வேக வச்சுக் குடு."

"அதெல்லாம் குளிர்ச்சி, வேண்டாம். பார்லித் தண்ணி குடும்மா."

"ஒன்றரை வயசுப் புள்ளைய மலைக்கு யாரு தூக்கிட்டுப் போகச் சொன்னது?" இது முடிவெட்டும் கடைக்காரி.

"உங்க மூட்டைல பாட்டில் கிடக்கு, தனியாப் போடுங்க" என்றாள் யூலான். ஏச்சுக்கு அவளிடம் எப்போதும் அதுதான் பதில். எவர் வாயையும் அது அடைத்துவிடும், ஏனென்றால் எல்லார் மூட்டையிலும் பாட்டில் கிடக்கும்.

ஓட்டுநர் ஆக்வேய் கண்ணாடிக்கு வெளியே தலையை நீட்டினார். "தங்கச்சி, எங்க வீட்டம்மா ஒரு வைத்தியம் சொன்னா."

"நீங்களுமா அண்ணே? வண்டிய எடுங்க."

யூலானைப் பற்றி நாலு வார்த்தை சொல்லியாக வேண்டும். முப்பத்தைந்து வயது. கல்யாணத்துக்கு முன்னும் பின்னுமாக எட்டு வருஷம் மின்கருவி ஆலையில் இரவு வேலை பார்த்தாள். முதலாளி ஒரு நாள் இயந்திரங்களை எல்லாம் கப்பலில் ஏற்றிக்கொண்டு கூலி மலிவான நாட்டுக்குப் போனான். ஆட்களைக் கப்பலில் ஏற்றவில்லை. துப்புரவுப் படைக்கு ஆள் எடுக்கிறார்கள் என்று கேள்விப்பட்டு மனுப் போட்டாள். மணல் மூட்டையைத் தூக்கிக்கொண்டு ஓட வேண்டும், அதுதான் பரீட்சை. ஆற்றங்கரையில் அரிசி மூட்டையைத் தோளில் போட்டு இரண்டு மாதம் ஓடிப் பழகினாள். பார்த்தவர்கள், அரிசியைத் திருடிக்கொண்டு ஓடுகிறாள் என்று நினைத்திருப்பார்கள். பரீட்சையில் அவளுக்குப் பின்னால் வந்த ஆம்பளைகள் நிறையப் பேர்.

வேலையில் சேர்ந்த முதல் மழைக்காலத்தில் எல்லாருக்கும் ஒரே அளவில் மழைக்கோட்டு கொடுத்தார்கள், ஆம்பளை அளவு. யூலான் மனு எழுதவில்லை, சத்தம் போடவில்லை. மாதாந்தரக் கூட்டத்துக்கு அந்தக் கோட்டைப் போட்டுக்கொண்டு போய் முன் வரிசையில் உட்கார்ந்தாள். கோட்டின் கை முழங்காலுக்குக் கீழே தொங்கியது. அதிகாரி பேசப் பேச, மற்றவர்கள் அவளைப் பார்த்துச் சிரித்துக்கொண்டே இருந்தார்கள். அடுத்த மாதம் பொம்பளை அளவு வந்தது. ஒரு வார்த்தை பேசாமல் ஜெயித்த போராட்டம் உலகத்தில் அது ஒன்றாகத்தான் இருக்கும்.

புருஷன் லியாவ் சிபின் கண்ணாடி ஆலையில் உலைப் பக்கம் வேலை பார்க்கிறவன். நல்ல மனுஷன், ஒரே ஒரு கிறுக்கு உண்டு. கூடாரம். லீவு நாள் வந்தால் வீட்டில் இருக்க மாட்டான். மலையில் போய்க் கூடாரம் அடித்து, வீட்டில் செய்கிற அதே வேலைகளை அங்கே குனிந்துகொண்டு செய்வான். சின்னக் குளிர்பெட்டி, மின்விசிறி, சரம் சரமாக விளக்கு, காப்பிக்கொட்டை அரைக்கிற கருவி. வீட்டில் குடிப்பது பொட்டலக் காப்பிதான்.

மகன் மீகோவுக்கு நிஜப் பேர் வேறு. பிறந்தபோது மீகோ என்கிற அரிசிப் பொரி உருண்டை மாதிரி இருந்ததால் அந்தப் பேர். பகலில் அவனைப் பார்த்துக்கொள்வது சிபினின் அக்கா பாவ்சூ. சந்தைக்கு எதிரே காலைப் பலகாரக் கடை நடத்துகிறாள். முட்டை தோசையைத் திருப்பிப் போடுகிற நேரத்தில் மூன்று சேதி சொல்லிவிடுவாள். நல்ல மனசு, வாய்க்குத்தான் மூடி கிடையாது. "ரெண்டு வயசு ஆகாத புள்ளைய மலைக்குக் கொண்டு போகாதீங்க" என்று அவள் சொன்னது உண்மை. இருந்தும் போனார்கள். ஆலை நண்பர்கள் குடும்பம் மூன்று, இவர்கள் ஒன்று. நாலு வீட்டுக் குஞ்சு குளுவானுக்கும் ஒரே மாதிரி மஞ்சள் சட்டை, நெஞ்சில் கரடி. சிபின் ஏற்பாடுதான். தேயிலைச் சரிவில் இரண்டு நாள், பிள்ளைகள் சேற்றில் புரண்டார்கள். மீகோ சிரித்த சிரிப்பைப் பார்த்து யூலானே, அடுத்த மாதமும் வரலாம் என்று சொல்லிவிட்டாள்.

ஞாயிறு திரும்பி வரும்போது காரிலேயே பையன் கொதித்தான்.

திங்கள் காலை குவோ டாக்டர் தொண்டையைப் பார்த்தார், காதைப் பார்த்தார், கையையும் காலையும் திருப்பிப் பார்த்தார். "இப்போதைக்கு ஒண்ணும் தெரியல. காய்ச்சல் மருந்து குடுங்க. ஊர்ல கைகால் கொப்புளக் காய்ச்சல் சுத்துது. தூங்கும்போது சும்மா சும்மா திடுக்கிட்டுத் துள்ளினாலோ, துவண்டு போய்க் கிடந்தாலோ, வாந்தி விடாம வந்தாலோ, என்கிட்ட வரணும்னுகூட இல்ல, நேரா பெரிய ஆஸ்பத்திரி. புரிஞ்சுதா?"

புரிந்தது. புரிந்ததுதான் கஷ்டம். தலை நிறைய அந்தத் "திடுக்"கை வைத்துக்கொண்டுதான் அன்று சாயங்காலம் அவள் மூட்டை வாங்கினாள். வீட்டில் சிபின் பிள்ளைக்குக் காவல். ஒவ்வொரு தெருமுனையிலும் போன் போட்டாள்.

"துள்ளினானா?"

"இல்ல."

"நல்லாப் பாத்தியா?"

"கண்ணு சிமிட்டாம பாக்குறேன். எனக்குத்தான் இப்ப திடுக்குன்னு தூக்கிப் போடுது."

செவ்வாய்க்கிழமை காலையில் படை அலுவலகத்துக்குப் போன் செய்தாள். "புள்ளைக்குக் காய்ச்சல். இன்னைக்கு வரமாட்டேன்."

"ஆள் இல்லையேம்மா" என்றார் மேஸ்திரி.

"ஆள் இல்லாதது உங்க கவலை. காய்ச்சல் என் கவலை. குடும்ப லீவுன்னு சட்டத்துல இருக்கு, அதுல எழுதிக்குங்க."

இதற்கு மேல் கெஞ்சுகிற பழக்கம் அவளுக்கு இல்லை. லீவு கிடைத்தது.

அன்றைக்கு மத்தியானம் கடையை மூடிவிட்டுப் பாவ்சூ கஞ்சிப் பாத்திரத்தோடு வந்தாள். இரண்டு பேரும் பக்கத்தில் உட்கார்ந்திருக்க, மீகோ நெற்றியில் குளிர்ச்சிப் பட்டையோடு தூங்கினான். திடீரென்று இரண்டு கையையும் விரித்து ஒரு துள்ளு துள்ளினான். கண் திறக்கவில்லை. மறுபடி அடங்கிவிட்டான்.

"பாத்தியா!" என்றாள் பாவ்சூ. "பயந்திருக்கான். மலையில எதையோ பாத்துப் பயந்திருக்கான். உசிரு பாதி அங்கயே நின்னுடுச்சு. நான் சொன்னேனா இல்லையா?"

யூலான் எழுந்தாள். பிள்ளையை வாரித் தோளில் போட்டாள், ஸ்கூட்டர் சாவியை எடுத்தாள், செருப்பை மறந்துவிட்டாள். பெரிய ஆஸ்பத்திரிதான் என்று தீர்மானம். ஆனால் தெருத் திருப்பத்திலேயே குவோ டாக்டரின் பலகை. முதலில் அங்கே நுழைந்தாள்.

டாக்டர் அவள் வெறுங்காலைப் பார்த்தார். பிள்ளையின் வாய்க்குள் விளக்கடித்தார், கழுத்தை மடக்கினார், அரை மணி நேரம் பக்கத்து அறையில் படுக்க வைத்துத் தானே வந்து வந்து பார்த்தார். மீகோ கண் விழித்து டாக்டரின் மூக்குக்கண்ணாடியைப் பிடுங்கினான்.

"ஒரு தரம் துள்ளுறது எல்லாப் புள்ளையும் செய்யும். வாயில புண்ணு இல்ல. கண்ணாடியப் புடுங்குற புள்ளைய நான் ஆஸ்பத்திரிக்கு அனுப்ப மாட்டேன். ஆனா கவனம் இருக்கட்டும். நாளைக்கும் காய்ச்சல் விடலைன்னா ரத்தம் எடுத்துப் பாத்துடுவோம்."

வீட்டுக்கு வந்தால் பாவ்சூ வாசலிலேயே நிற்கிறாள். "டாக்டர் வைத்தியம் டாக்டரோடது. பயத்துக்கு டாக்டர்கிட்ட மருந்து ஏது? கோயில்ல அந்த நீல அங்கி அம்மா இருக்காங்க, பயம் எடுத்து விடுவாங்க."

"இந்தக் காய்ச்சலோட புள்ளைய எங்கயும் அனுப்ப மாட்டேன் அக்கா."

"புள்ள எதுக்குடி? போட்ட சட்டை ஒண்ணு போதும். அரிசிக் கோப்பைய அதுல சுத்தி, ஊதுபத்தி காட்டி உசிரைத் திரும்பக் கூப்பிடுவாங்க. மலைக்குப் போட்டுட்டுப் போனது எங்க? துவைச்சிட்டியா?"

"துவைக்க நேரம் எங்க இருந்துச்சு?"

"நல்லதாப் போச்சு. துவைச்சா வாசம் போயிடும், உசிருக்கு வழி தெரியாது."

மலையிலிருந்து வந்த பிளாஸ்டிக் பை குளியலறை மூலையில் அப்படியே கிடந்தது. யூலான் அதிலிருந்து சேறு காய்ந்த மஞ்சள் சட்டையை எடுத்துக் கொடுத்தாள். நம்பிக்கை இருந்து கொடுக்கவில்லை. சட்டையைக் கொடுத்தால் நாத்தனார் ஒரு மணி நேரம் வீட்டில் இருக்க மாட்டாள். அந்த ஒரு மணி நேர அமைதிக்குப் பத்துச் சட்டை கொடுக்கலாம்.

ஆனால் பாவ்சூ திரும்பி வந்ததும் முதல் கேள்வி கேட்டது யூலான்தான்.

"அரிசியில என்ன தெரிஞ்சுதாம்?"

"ஆ! இப்ப கேக்குறா பாரு. சட்டையப் பிரிச்சதும் கோப்பையில ஒரு பக்கம் அரிசி சரிஞ்சு கிடந்துச்சு. அந்தம்மா பாத்துட்டு, 'இறக்கை உள்ளது ஒண்ணு, கழுத்து நீளம், துரத்தியிருக்கு'ன்னாங்க. அங்க ஏதாவது பறவை வந்துச்சா?"

"எதுவும் வரல. ரெண்டு நாளும் என் கண்ணு முன்னாலதான் இருந்தான்."

"நீ காப்பி குடிக்கும்போது வந்திருக்கும்" என்று முடித்துவிட்டாள் பாவ்சூ.

சட்டைக் கழுத்தின் உள்பக்கம் கோயில் முத்திரை சிவப்பாகப் பதிந்திருந்தது. யூலான் அடுப்படியில் மருந்து அளக்கிற நேரம் பார்த்து, பாவ்சூ அதை நன்றாக உதறி, பையனுக்கு உள்பனியன் மேலேயே மாட்டிவிட்டாள். யூலான் வந்து பார்த்து முறைத்தாள். கழற்றலாம் என்று கை போனது. பிள்ளை அசந்து தூங்கிக்கொண்டிருந்தான். துள்ளவில்லை. கையை எடுத்துக்கொண்டாள்.

புதன்கிழமை விடிந்தபோது மீகோவின் நெற்றி சில்லென்று இருந்தது. யூலான் தன் கையை நம்பவில்லை. சிபின் கையை இழுத்து வைத்துப் பார்த்தாள், பிறகு காய்ச்சல்மானி. எல்லாம் ஒரே பேச்சாகச் சொன்னது: காய்ச்சல் இல்லை. சிபின் சமையலறையில் போய்த் தனியாக மூக்கைச் சிந்திவிட்டு, வெங்காயம் என்றான். அங்கே வெங்காயம் கிடையாது.

சந்தோஷம் பத்து மணி வரைக்கும்தான். முகம் கழுவி விடும்போது காதுக்குப் பின்னால் சிவப்புப் புள்ளி. கழுத்தில் பத்து. முதுகில் எண்ண முடியாது. மூன்று பேருமாக ஓடினார்கள். கடையைப் பாதி மூடியபடி போட்டுவிட்டுப் பாவ்சூவும் கரண்டியோடு வந்து சேர்ந்தாள்.

குவோ டாக்டர் அந்த மஞ்சள் சட்டையைத் தூக்கி முதுகைப் பார்த்தார். சிரிக்க ஆரம்பித்தார்.

"என்ன டாக்டர் சிரிக்கிறீங்க?" என்றாள் யூலான்.

"இதுக்குத்தானேம்மா காத்துக்கிட்டிருந்தேன். ரோசாத் தடிப்புக் காய்ச்சல். ரெண்டு வயசுக்குள்ள முக்காவாசிப் புள்ளைங்களுக்கு வரும். மூணு நாள் கொதிக்கும், விட்டதும் உடம்பெல்லாம் பூக்கும். பூத்துடுச்சுன்னா முடிஞ்சுதுன்னு அர்த்தம்."

"மலைக்குப் போனதால வந்ததா?"

"மலைக்குப் போறதுக்கு முன்னாடியே உள்ள வந்து உக்காந்திருக்கும். நீங்க வீட்டுலயே இருந்திருந்தாலும் வந்திருக்கும். ஒண்ணு மட்டும் சொல்றேன், இனி ரெண்டு மூணு நாளைக்குப் பயங்கரமாக் கத்துவான். எதைக் குடுத்தாலும் வீசுவான். அதுக்கு மருந்து கிடையாது, உங்க காதுக்குப் பஞ்சு வேணா தர்றேன்."

யூலான் நாற்காலியில் தொப்பென்று உட்கார்ந்தாள். மூன்று நாளாகக் கால் கீழே பாவவில்லை என்பது அப்போதுதான் அவளுக்குத் தெரிந்தது.

டாக்டர் சட்டையைக் கீழே விடப் போனவர் நிறுத்தினார். கழுத்துப் பட்டியைத் திருப்பினார். முத்திரைக்குப் பக்கத்தில் பேனா எழுத்து.

"நான் பாக்குறது லியாவ் வீட்டுப் பையன்னு கார்டு சொல்லுது. சட்டையில 'பெங் ஷின்யூ'ன்னு எழுதியிருக்கே. புள்ளைய மாத்தித் தூக்கிட்டு வந்துட்டீங்களா?"

பெங் ஷின்யூ, சிபினுடைய ஆலை நண்பன் மகள். பகல் காப்பகத்துக்குப் போகிற பிள்ளை, அதனால் எல்லாத் துணியிலும் பேர் எழுதியிருக்கும். மலையில் நாலு பிள்ளைகளையும் சேற்றிலிருந்து தூக்கி ஒரே இடத்தில் உரித்துக் குவித்தார்கள். ஆளுக்கொரு மஞ்சள் சட்டையைப் பையில் திணித்துக்கொண்டு கிளம்பினார்கள். யார் பேரைப் பார்த்தார்கள்?

சிபின் சுவரைப் பிடித்துக்கொண்டு சிரித்தான். சத்தம் வரவில்லை, தோள் மட்டும் குலுங்கியது.

பாவ்சூ முகம் வெளுத்துப்போனது. "ஐயோ! அடுத்த வீட்டுப் புள்ள உசிரைக் கூப்பிட்டு நம்ம புள்ள மேல போட்டுட்டேனே!"

"அக்கா, நம்ம வீட்டுல இருக்குற ஒருத்தனையே சமாளிக்க முடியல" என்றான் சிபின். "ரெண்டாவது உசிரு வேறயா?"

"சிரிக்காதடா! டேய், அந்தப் பொண்ணு வீட்டுக்குப் போன் போடு. இப்பவே போடு."

யூலான் போட்டாள். ஷின்யூவின் அம்மா வான்ஜூன் எடுத்தாள். பாவ்சூவுக்கும் கேட்கட்டும் என்று யூலான் சத்தத்தைக் கூட்டி வைத்தாள்.

"உன் பொண்ணு எப்படி இருக்கா?"

"இப்ப பரவால்லடி. மலையில இருந்து வந்ததுல இருந்து ராத்திரி எல்லாம் எழுந்து எழுந்து அழுதா. நேத்து என்னமோ, படுத்தவ காலையிலதான் எழுந்திரிச்சா. கட்டை மாதிரி தூக்கம்."

பாவ்சூவின் கழுத்து நீண்டது. போனைப் பறித்தாள். "அம்மாடி, அங்க உன் பொண்ண ஏதாவது துரத்துச்சா?"

"உங்களுக்கு யாரு சொன்னா? அந்தத் தோட்டக்காரரோட வாத்து இருந்துச்சே, பெரிய வெள்ளை வாத்து. கழிப்பறை வரைக்கும் விரட்டிக்கிட்டு வந்துச்சு. நானே பயந்துட்டேன்."

பாவ்சூ போனைத் திருப்பிக் கொடுத்தாள். வெளுத்த முகத்தில் ரத்தம் திரும்பி வந்தது, கூடவே கொஞ்சம் அதிகமாகவும் வந்தது. டாக்டரைப் பார்த்தாள், தம்பியைப் பார்த்தாள், கடைசியில் யூலானைப் பார்த்தாள்.

"இறக்கை, நீளக் கழுத்து. சொன்னாங்களா இல்லையா?"

"மலைக்குப் போனா எல்லாப் புள்ளையையும் ஏதாவது ஒண்ணு துரத்தத்தான் செய்யும் அக்கா" என்றாள் யூலான்.

"அப்ப உன் புள்ளைய எது துரத்துச்சுன்னு பாக்க வேண்டாமா? அவன் சட்டை வான்ஜூன் வீட்டுல இருக்கும். துவைச்சிருக்க மாட்டாளே? நான் போய் வாங்கிட்டு வர்றேன்."

"இப்பதான் முடிஞ்சு போச்சுன்னு டாக்டர் சொன்னாரு!"

"காய்ச்சல்தான் முடிஞ்சுது. அவன் முறை இன்னும் பாக்கி இருக்கே."

டாக்டர் அடுத்த நோயாளியைக் கூப்பிட மணி அடித்தார். மணி அடிக்கும்போதும் சிரித்துக்கொண்டுதான் இருந்தார். யூலான் தடுக்கவில்லை. பயந்தது மூன்று பேரும்தான். சிபினுக்குச் சிரிப்பு, அவளுக்கு மருந்து அளப்பது, நாத்தனாருக்குக் கோயில். யாருக்கு எது கைக்கு எட்டியதோ அதைப் பிடித்துக்கொண்டு மூன்று நாளைக் கடந்தார்கள். அடுத்தவர் பிடித்த கொம்பை ஒடித்துப் போடுவதில் என்ன லாபம்?

டாக்டர் சொன்னபடியே நடந்தது. புதன் மத்தியானத்திலிருந்து மீகோ ஆடத் தொடங்கினான். கஞ்சிக் கிண்ணம் சுவரில் பட்டது. அப்பாவின் கடிகாரம் தண்ணீரில் போனது. பாவ்சூ "கண்ணு" என்று கன்னத்தைத் தொட்டாள், விரலைக் கடித்துவிட்டான்.

வியாழக்கிழமை யூலான் வண்டியேறினாள். முதல் தெருமுனையிலேயே ஆளாளுக்குப் பங்கு கேட்டார்கள்.

"தர்பூசணித் தோல்தானே கேட்டுச்சு?"

"பார்லியா?"

"கோயில்ல சொல்லி எடுத்தாங்களாமே, பாவ்சூ சொன்னா."

"தானா வந்துச்சு, தானா போச்சு" என்றாள் யூலான். "யாருக்கும் பங்கு கிடையாது. மூட்டையக் குடுங்க."

"ரொம்பத்தான் திமிரு" என்றாள் முடிவெட்டும் கடைக்காரி. சொல்லிவிட்டு, குப்பை மூட்டைக்குப் பின்னால் மறைத்து வைத்திருந்த ஆப்பிள் பையை எடுத்து வண்டிப் படியில் வைத்தாள். "புள்ளைக்கு. உனக்கு இல்ல."

வண்டி அவள் வீட்டுத் தெருவுக்குத் திரும்புவதற்கு முன்னாலேயே அந்தச் சத்தம் கேட்டது. வண்டியின் பாட்டையும் தாண்டிக் கேட்டது. சிபின் தெருமுனையில் நிற்கிறான். ஒரு கையில் குப்பை, மறு கையில் உடம்பெல்லாம் ரோசாப் பூத்த மீகோ. பிள்ளை பின்பக்கமாக வில்லாக வளைந்து, அப்பாவின் முடியை ஒரு கையில் பிடித்து, வண்டியை நோக்கி அலறுகிறான். அவனை இப்போதே பின்படியில் ஏற்ற வேண்டுமாம். முடியாது என்றதும் தெருவே அதிரும்படி இன்னொரு அலறல். ஒரு கிழவர் காதைப் பொத்திக்கொண்டு மூட்டையைக் காலால் தள்ளிக்கொண்டு வந்தார்.

மூன்று நாளாகத் துணி மாதிரி தோளில் கிடந்த பிள்ளை. யூலான் படியில் நின்றபடி காது நிறைய அதைக் கேட்டாள்.

ஆக்வேய் கண்ணாடிக்கு வெளியே தலையை நீட்டினார். "யாரு புள்ள தங்கச்சி இது, இந்தக் கத்து கத்துது?"

"என்னோடதுதான் அண்ணே!" என்று வண்டிப் பாட்டுக்கு மேலே கத்திச் சொன்னாள் யூலான். சிபின் கையிலிருந்த மூட்டையை வாங்கி உள்ளே வீசினாள்.